லீவு விட்டால் எங்கே போவாள்?

பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்துவிட்டது. பரீட்சை முடிந்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வருகிறார்கள். ஒருத்தி தாத்தா ஊருக்குப் போகப் போகிறாள். இன்னொருத்தி அத்தை வீட்டுக்குப் போகிறாள். மற்றொருத்தி எங்கும் போகவில்லை. ஆனால் நாளைக்கு எட்டு மணி வரை தூங்கலாம். அவளுக்கு அதுவே போதும்.

லீவு என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் லீவு விட்டால் போவதற்கு ஒரு வீடு இருக்க வேண்டும். வீடே இல்லாத பிள்ளை என்ன செய்யும்? இரவில் ரயில் நிலையத்தில் படுக்கிறது. காலையில் நடைபாதையில் கண் விழிக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது? பள்ளிக்கூடமே இல்லை என்றால் லீவுதான் ஏது?

கொல்கத்தா நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இந்தப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. அது கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி. சியால்டா என்ற இடத்தில் இருக்கிறது. பெயர் லொரேட்டோ பகல் பள்ளி. அங்கே பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள், வருட முடிவில் அவர்களுக்கு என்ன நடந்தது என்பதை இந்தப் பாடத்தில் படிப்போம்.

கான்வென்ட் பள்ளி

கன்னியர் நடத்தும் பள்ளியை நாம் 'கான்வென்ட்' என்று சொல்கிறோம். 'சிஸ்டர் ஸ்கூல்' என்றும் சொல்வார்கள். நம் நாட்டில் பல ஊர்களில் இப்படிப்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. இவற்றில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் படிப்பதில்லை. இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பல பள்ளிகளில் அவர்கள்தான் அதிகம்.

கான்வென்ட் பள்ளியின் நாள் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் மணி அடித்ததும் வரிசையில் நிற்க வேண்டும். பிரார்த்தனை நடக்கும். நகம் வெட்டியிருக்கிறதா, தலை பின்னியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞான உபதேச வகுப்பு உண்டு. மற்றப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் நீதி போதனை வகுப்பு. வருட முடிவு நெருங்கினால் ஆண்டு விழா, விளையாட்டு விழா, பரீட்சை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவார்கள். அதில் ஆடு மேய்ப்பவராகவோ தேவதூதராகவோ நடிக்காத பிள்ளை அபூர்வம்.

லொரேட்டோ கன்னியர் 1841-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் அயர்லாந்து நாட்டிலிருந்து கப்பலில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். (கல்கத்தா என்ற பெயர் 2001-ல் கொல்கத்தா என்று மாறியது.) சியால்டா பள்ளி 1857-ல் தொடங்கியது. அன்னை தெரசாவும் லொரேட்டோ கன்னியராகத்தான் 1929-ல் இந்தியா வந்தார். சியால்டாவுக்குப் பக்கத்தில் உள்ள எண்டாலியில் ஒரு லொரேட்டோ பள்ளியில் பல வருடம் பாடம் நடத்தினார். 1948-ல்தான் அங்கிருந்து வெளியேறிக் குடிசைப் பகுதிகளுக்குப் போனார்.

சியால்டா என்றால் எல்லோருக்கும் முதலில் ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். நாட்டிலேயே மிகவும் கூட்டமான நிலையங்களில் அதுவும் ஒன்று. 1947-ல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் ரயில் ரயிலாக அங்கே வந்து இறங்கினார்கள். போக இடம் இல்லாமல் பிளாட்பாரத்திலேயே குடும்பம் நடத்தினார்கள். அதற்குப் பிறகும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பிள்ளைகள் பிளாட்பாரத்திலும் நடைபாதையிலும் வளர்ந்தார்கள். பழைய காகிதம் பொறுக்கினார்கள், சில்லறை வியாபாரம் செய்தார்கள், பிச்சையும் எடுத்தார்கள்.

சுவருக்கு இரண்டு பக்கம்

1979-ல் சிஸ்டர் சிரில் மூனி என்பவர் இந்தப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனார். அவர் அயர்லாந்தில் பிறந்தவர். 1956-ல், இளம் வயதில், இந்தியா வந்தவர்.

அன்று அந்தப் பள்ளியில் படித்தவர்களில் பெரும்பாலோர் கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகள். ஏழைப் பிள்ளைகள் சிலரே. பள்ளிச் சுவருக்கு உள்ளே வெள்ளைச் சட்டை, பளபளக்கும் காலணி. சுவருக்கு வெளியே, அதே வயதில், அழுக்குத் துணியோடு இன்னொரு பெண் பிள்ளை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தினமும் பார்த்துப் பார்த்து நமக்கெல்லாம் இது பழகிப் போகிறது. அந்தத் தலைமை ஆசிரியைக்குப் பழகவில்லை.

முதலில் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளை அதிகமாகச் சேர்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கை கூடியது. 1990-களின் கடைசியில் பள்ளியில் சுமார் 1400 பேர் படித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கட்டணம் கட்டாமல் படித்தவர்கள். கட்டணம் கட்டுகிற பெற்றோரின் பணம் ஒரு பக்கம், நல்ல மனம் உள்ளவர்கள் தரும் நன்கொடை ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துச் செலவைச் சமாளித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு என்று தனி வகுப்பு வைக்கவில்லை. தனி நேரமும் இல்லை. டாக்டர் வீட்டுப் பெண்ணும் ரிக்ஷாக்காரர் வீட்டுப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரே சீருடை. தனியாக ஒரு கொட்டகை போட்டு 'ஏழைகள் பள்ளி' என்று பலகை மாட்டுவது சுலபமான வேலை. பல இடங்களில் அதைத்தான் செய்கிறார்கள். ஒரே பெஞ்சில் உட்கார வைப்பதுதான் கஷ்டம்.

மாடியில் ஒரு பள்ளி

இப்படிச் சேர்த்தும் தெருவில் வாழும் பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியவில்லை. ஏன்?

அந்தப் பிள்ளைக்குக் கடிகாரம் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு வா என்றால் வர முடியாது. காலையில்தான் காகிதம் பொறுக்கும் வேலை இருக்கும். இல்லாவிட்டால் இடுப்பில் தம்பி இருப்பான். அம்மா வேலைக்குப் போய்விட்டால் தம்பியைப் பார்க்க வேறு ஆள் இல்லை. பிறந்த தேதிக்குச் சான்று இல்லை. குளிக்க இடம் இல்லை. பத்து வயது ஆகியிருக்கும், எழுத்துத் தெரியாது. அவளை ஒன்றாம் வகுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் வெட்கப்பட்டு ஓடிவிடுவாள். ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒன்றும் புரியாமல் ஓடிவிடுவாள்.

1985-ல் பள்ளியின் மேல்மாடியில் இந்தப் பிள்ளைகளுக்காக ஓர் ஏற்பாடு தொடங்கியது. அதற்கு 'ரெயின்போ' என்று பெயர் வைத்தார்கள். ரெயின்போ என்றால் வானவில்.

பிள்ளை எப்போது வந்தாலும் சரி. காலையில் வரலாம், மதியம் வரலாம். இன்று வந்து நாளை வராமல் இருந்தாலும் கேட்டு விரட்டமாட்டார்கள். வந்தால் சாப்பாடு உண்டு. குளிக்கலாம். பிறகு படிப்பு.

ஆனால் இப்படி நினைத்த நேரத்தில் வரும் பிள்ளைகளுக்கு யார் பாடம் சொல்லித் தருவது? ஐம்பது பேரை உட்கார வைத்துக் கரும்பலகையில் எழுதினால் இவர்களுக்குச் சரிப்படாது. திங்கட்கிழமை வந்தவள் வெள்ளிக்கிழமை திரும்பி வருவாள். அதற்குள் பாடம் எங்கோ போயிருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்படியானால் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அத்தனை ஆசிரியர்களுக்கு எங்கே போவது?

கீழ் மாடியில் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பள்ளியின் மாணவிகள்தான்.

ஒருத்திக்கு ஒருத்தி

மேற்கு வங்காளப் பாடத்திட்டத்தில் 'வேலைக் கல்வி' என்று ஒரு பாடம் இருந்தது. தையல், கைவேலை போன்றவற்றை அதில் கற்றுத் தருவார்கள். இந்தப் பள்ளியில் அந்தப் பாடவேளையை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள மாணவிகள் முறை வைத்து மாடிக்குப் போவார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு ரெயின்போ பிள்ளையின் பக்கத்தில் உட்காருவாள். எழுத்தும் எண்ணும் சொல்லித் தருவாள். ஒரு குழு முடித்து இறங்கும்போது அடுத்த குழு ஏறி வரும். அதனால் எந்த நேரத்தில் ஒரு பிள்ளை மாடிப்படி ஏறி வந்தாலும் அவளுக்காக ஒரு 'டீச்சர்' காத்திருந்தாள். அந்த டீச்சருக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும்!

பெரிய பெண் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதுமா? போதாது. ரெயின்போவைக் கவனிக்க ஆசிரியைகளும் இருந்தார்கள். எந்தப் பிள்ளை எதுவரை படித்திருக்கிறாள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? ஆனாலும் பயந்த பிள்ளையிடம் போய்ச் சேர்வதற்குப் பெரியவர்களைவிட இன்னொரு சிறுமியே மேல். கையில் பிரம்பு இல்லை, குரலில் அதட்டல் இல்லை. 'இது கூடத் தெரியாதா?' என்ற பேச்சும் குறைவு.

சொல்லிக் கொடுத்த மாணவிக்கு என்ன லாபம்? ஒரு கணக்கைப் பார்த்தால் புரியும்.

52-லிருந்து 37-ஐக் கழிக்க வேண்டும். பள்ளியில் என்ன சொல்லித் தருகிறார்கள்? இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு, பன்னிரண்டிலிருந்து ஏழு போனால் ஐந்து, நாலில் மூன்று போனால் ஒன்று. விடை 15.

தெருவில் காய் விற்கும் பிள்ளை இதை இப்படிச் செய்யமாட்டாள். 37 ரூபாய்க்குச் சரக்கு, கையில் 52 ரூபாய் தந்திருக்கிறார்கள். அவள் மேலே எண்ணுவாள். முப்பத்தேழோடு மூன்று, நாற்பது. பத்து, ஐம்பது. இரண்டு, ஐம்பத்திரண்டு. மூன்றும் பத்தும் இரண்டும் பதினைந்து. மீதிச் சில்லறை கைக்கு வந்துவிட்டது. கடனும் வாங்கவில்லை, காகிதமும் வேண்டாம்.

நம் சந்தையில் கீரை விற்கும் பாட்டியும் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறார். தெருவில் வளர்ந்த பிள்ளைக்குக் கணக்கு தெரியாது என்று நாம் நினைத்தால் அது தப்பு. அவளுக்குக் கணக்கு தெரியும். எழுதத்தான் தெரியாது. அவளிடம் 'கடன் வாங்கு' என்று சொன்னால், 'யாரிடம் வாங்குவது? ஏன் வாங்குவது?' என்று கேட்பாள். பாடம் சொல்லித் தருகிற பெண் அப்போதுதான் யோசிப்பாள். தானே இத்தனை நாள் காரணம் தெரியாமல் கடன் வாங்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவரும். இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

பெற்றோரின் கவலை

கட்டணம் கட்டும் பெற்றோர் சிலருக்கு இதெல்லாம் பிடிக்குமா? கவலை வரத்தான் செய்யும். 'என் பெண் படிக்க வந்தாளா, பாடம் நடத்த வந்தாளா? தலையில் பேன் வந்துவிட்டால்? பரீட்சையில் மதிப்பெண் குறைந்துவிட்டால்?' இப்படிக் கேட்பவர்களை நாம் உடனே கெட்டவர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. தன் பிள்ளை நன்றாக வர வேண்டும் என்று வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்தவர்களும் அவர்களில் உண்டு.

பள்ளி அவர்களுக்காக ஏற்பாட்டை நிறுத்தவில்லை. ரெயின்போ தொடர்ந்து நடந்தது. பள்ளியின் பெயரும் கெடவில்லை. அங்கே இடம் கேட்டுப் பெற்றோர் வந்துகொண்டேதான் இருந்தார்கள். இது எல்லா வாதத்துக்கும் ஒரு பதில்.

1994-ல் யுனெஸ்கோ நிறுவனம் இந்தப் பணிக்கு 'நோமா' எழுத்தறிவுப் பரிசு தந்தது. யுனெஸ்கோ என்பது கல்விக்காக உலக நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு. நோமா பரிசு எழுத்தறிவைப் பரப்புகிறவர்களுக்குத் தரப்பட்ட உலகப் பரிசு. பள்ளிச் சிறுமிகள் மாடியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த எழுத்துக்கு அந்தப் பரிசு கிடைத்தது.

வருட முடிவு

இப்போது லீவு விஷயத்துக்கு வருவோம்.

கீழே படிக்கும் பெண்ணுக்கு வருட முடிவு என்றால் பரீட்சை, மதிப்பெண் அட்டை, அப்பாவின் கையெழுத்து, அடுத்த வகுப்பு. மாடியில் படிக்கும் பிள்ளைக்கு இப்படி ஒரு நாள் குறித்து வருட முடிவு வருவதில்லை. ஒருத்தி ஆறு மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இன்னொருத்திக்கு இரண்டு வருடம் ஆகும். அவள் வயதுக்கு ஏற்ற வகுப்பில் உட்கார்ந்தால் சமாளிப்பாள் என்று தெரிந்ததும் அவளை ஒரு பள்ளியில் சேர்ப்பார்கள். அது லொரேட்டோ பள்ளியாகவே இருக்கலாம். பக்கத்தில் உள்ள வேறு பள்ளியாகவும் இருக்கலாம். ரெயின்போ பிள்ளைக்குப் 'பாஸ்' என்றால் அதுதான். மாடியை விட்டு இறங்கி, பேர் எழுதிய நோட்டோடு, தன் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்குள் நுழைவது.

லீவு வந்தால்? கொல்கத்தாவில் துர்கா பூஜை பெரிய திருவிழா. பள்ளிகள் எல்லாம் மூடிவிடும். ஊர் முழுவதும் விளக்கு, மேளம், புதுத்துணி. வீடு உள்ள பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வீடு இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக் கதவு மூடினால் சாப்பாடும் சேர்ந்து மூடிவிடும். அதைவிடப் பெரிய பயம் இரவு. நடைபாதையில் படுக்கும் பெண் பிள்ளைக்கு ஒவ்வொரு இரவும் ஆபத்து. வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். தாய்மார்கள் இதைச் சொல்லத் தேவையில்லாமலே புரிந்துகொள்வீர்கள்.

அதனால் பகலில் படிக்க வந்த பெண் பிள்ளைகளில் சிலர் இரவில் பள்ளியிலேயே தங்கத் தொடங்கினார்கள். மற்றப் பிள்ளைகள் பகலில் படித்த கட்டடத்தில் இவர்கள் இரவில் பாயை விரித்துப் படுத்தார்கள். நாளாக நாளாகத் தங்குகிறவர்கள் அதிகமானார்கள். பெயரில் 'பகல் பள்ளி' என்றுதான் இருந்தது. ஆனால் இரவிலும் அதன் கதவு இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்தது. லீவு நாளிலும் திறந்தது.

யோசித்துப் பாருங்கள். நம் ஊர்ப் பள்ளிக் கட்டடங்கள் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுகின்றன. மறுநாள் காலை வரை சும்மாதான் இருக்கின்றன. மே மாதம் முழுவதும் சும்மா இருக்கின்றன. பக்கத்திலேயே கூரை இல்லாமல் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். புதுக் கட்டடம் கட்டப் பணம் இல்லை என்று சொல்கிறோம். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பதில்லை.

2000-க்குப் பிறகு இந்த வழி மற்ற இடங்களுக்கும் பரவியது. கொல்கத்தாவின் மற்ற லொரேட்டோ பள்ளிகளில் ரெயின்போ இல்லங்கள் வந்தன. ஐதராபாத், தில்லி, சென்னை போன்ற நகரங்களிலும் வீடற்ற பிள்ளைகளுக்காக ரெயின்போ இல்லங்கள் தொடங்கப்பட்டன.

வியாழக்கிழமையும் பக்கத்து வீடும்

சியால்டா மாணவிகள் மாடியோடு நிற்கவில்லை. வியாழக்கிழமைகளில் ஒரு கூட்டம் பஸ் ஏறி, கல்கத்தாவைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளுக்குப் போகும். அங்கே ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருப்பார். இந்த மாணவிகள் பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து உட்கார வைத்துப் பாடம் நடத்துவார்கள். பாட்டும் விளையாட்டும் உண்டு.

அதிகம் படிக்காத கிராமத்து இளைஞர்களுக்கும் இந்தப் பள்ளியில் பயிற்சி தந்தார்கள். அவர்கள் திரும்பிப் போய்த் தங்கள் ஊரிலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தார்கள். செங்கல் சூளைகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் இப்படி வகுப்புகள் நடந்தன.

இன்னொரு வேலையும் செய்தார்கள். அதற்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் சிறு பெண்களைத் தேடினார்கள். அவர்கள் வெளியே தெரியமாட்டார்கள். கடையில் வேலை செய்யும் பையனைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கலாம். நாலு சுவருக்குள் பாத்திரம் தேய்க்கும் பெண் பிள்ளையை யார் பார்ப்பது? பக்கத்து வீட்டு மாணவிதான் பார்க்க முடியும். மாடியில் துணி காயப்போட வரும்போது அவளிடம் பேச்சுக் கொடுப்பாள். சிநேகம் பிடிப்பாள். பிறகு வீட்டுக்காரர்களிடம், 'இவளை ஒரு மணி நேரம் விளையாட அனுப்புங்கள்' என்று கேட்பாள். விளையாட்டு மெதுவாகப் படிப்பாகும்.

இது 1990-களின் கடைசியில் தொடங்கியது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது அதற்குப் பிறகு, 2006 அக்டோபரில். 2016-ல் சட்டம் இன்னும் கடுமையாக்கப்பட்டது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவது குற்றம். பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத்துக்கு உதவுவதற்கும், நடிப்புக் கலைக்கும் மட்டும் விலக்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

மாடியில் பிள்ளைகளுக்காகச் செய்த சில காரியங்கள் பின்னாளில் நாட்டுச் சட்டமே ஆயின. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி உரிமை என்று அது சொல்கிறது.

பள்ளிக்கே போகாத பத்து வயதுப் பிள்ளையை அந்த வயதுக்கு உரிய வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். மற்றவர்களோடு சேர்ந்து படிக்க அவளுக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். பிறந்த தேதிக்குச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது. வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றும்போது மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டியும் மறுக்கக் கூடாது.

வருட முடிவில் தவறிவிட்டால்? 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. மாநில அரசு விரும்பினால் 5, 8 வகுப்புகளில் பரீட்சையில் தவறிய பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம். ஆனால் முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுபடியும் ஒரு பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளியை விட்டு அனுப்பவே கூடாது.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. தனியார் பள்ளிகள் நாலில் ஒரு பங்கு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கத்தோலிக்கப் பள்ளிகள் சிறுபான்மையினர் பள்ளிகள். சியால்டா பள்ளி சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே, யாரும் கட்டாயப்படுத்தாமல், பாதி இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குத் தந்தது. சட்டம் கேட்டது நாலில் ஒரு பங்குதான்.

சிஸ்டர் சிரில் 2011 வரை, 32 வருடம், அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்தார். 2007-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது தந்தது. 2023 ஜூன் மாதம் காலமானார். ஐம்பத்தாறில் கப்பல் ஏறி வந்தவர். அறுபத்தேழு வருடம் ஆகிவிட்டது.

பேசுங்கள்

உங்கள் ஊரில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் யார் யார்? பகலில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இடுப்பில் தம்பி தங்கையோடு இருக்கும் பெண் பிள்ளை எத்தனை பேர்?

பள்ளி லீவு விட்டால் மதிய உணவு கிடைக்காத பிள்ளைகள் உங்கள் தெருவில் உண்டா? அந்த நாட்களில் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?

52-லிருந்து 37-ஐக் கழிக்கும் இரண்டு வழிகளில் உங்கள் வழி எது? 100 ரூபாய் கொடுத்து 64 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு? மேலே எண்ணியும் பாருங்கள், எழுதியும் பாருங்கள்.

எழுதுங்கள்

வேலைக்காக ஊர் மாறிப் போகிறவர்கள் வருட முடிவில் டி.சி. வாங்க வேண்டும். கீழே உள்ள கடிதத்தைப் படியுங்கள். கோடிட்ட இடங்களை உங்கள் கையால் நிரப்புங்கள்.

தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் ............ உங்கள் பள்ளியில் ............ ஆம் வகுப்பு படித்து முடித்திருக்கிறாள். நாங்கள் ............ ஊருக்குக் குடிபோகிறோம். அங்கே அவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அவளுடைய மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் அட்டையையும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ............
தேதி: ............

இப்படிக்கு,
............
(கைநாட்டு வேண்டாம். கையெழுத்துப் போடுங்கள்.)